ஒரு பிடி வெண்ணெய்

வாயில் வைத்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை மீர்குலுக்கு. செத்த எலியைத் தோலோடு கொழுப்பில் பொரித்தால் இப்படித்தான் இருக்கும் போல.

"கூச்சப்படாம சாப்பிடுங்க தங்கச்சி. நம்ம வெண்ணெய்தான்" என்றான் ஆட்டுக்காரன் சாதிபெக். "என் பொண்டாட்டி கலீபா போன வருஷம் ஆட்டு இரைப்பையில அடைச்சு, மேல பனிக்கட்டியில புதைச்சு வச்சது. இன்னிக்குத்தான் தோண்டி எடுத்தேன். கயிறு கெடைக்கலைன்னு தோல் வாரால கட்டித் தொலைச்சிருக்கா. முடிச்சை அவுக்க முடியாம கத்தியால அறுத்தேன்."

மீர்குல் தலையை மட்டும் ஆட்டினாள். தொல்பொருள் ஆய்வாளர் என்று பெரிய பெயர். மூன்று கோடையாக இந்த மலையில், உருகும் பனியோரம் தவழ்ந்ததுதான் மிச்சம். பழங்காலத்து மனிதன் விட்டுப்போன ஒரு துரும்பு கூட அகப்படவில்லை. நாளை வெறுங்கையோடு இறங்கினால் ஆய்வையே இழுத்து மூடிவிடுவார்கள். அந்த வயிற்றெரிச்சல் போதாதென்று இந்தக் கண்றாவி வேறு!

"போதும் அண்ணே, வயிறு ரொம்பிடுச்சு."

"அட, இருந்ததே ஒரு பிடிதான். மொத்தத்தையும் உங்களுக்கே வச்சேன். விருந்தாளி கிண்ணத்துல மிச்சம் வச்சா எங்க மானம் போயிடும்!"

வேறு வழி? கண்ணை மூடி, மூச்சை அடக்கி, உப்புத் தேநீரை ஊற்றி ஊற்றி உள்ளே தள்ளினாள். காலியான இரைப்பையைச் சாதிபெக் அடுப்பில் வீசினான். அது பொசுங்கப் பொசுங்கக் கூடாரமே நாறியது.

குதிரைப்பால் கறந்துகொண்டு வந்த கலீபா, வாசலிலேயே தலைத்துணியால் மூக்கைப் பொத்தினாள்.

"சீ! என்ன எழவு நாத்தம் இது?"

"எல்லாம் நீ புதைச்ச வெண்ணெய் லட்சணம்டி! பாவம், தங்கச்சி மூஞ்சியைக் கூடச் சுளிக்கல. கிண்ணத்தை வழிச்சுத் தின்னுட்டாங்க."

கலீபா பால் வாளியை இறக்கி வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நம்மளத நான் போன மாசமே தோண்டி எடுத்துட்டேனே… அப்ப அவங்க தின்னது எந்தக் காலத்துது?"