வீடு மாறும் வைரஸ்

"என் பாத்ரூமுக்குள்ள ஒருத்தரும் நுழையக் கூடாது!"

பதினேழாவது மாடி வீட்டில், கழிப்பறைக் கதவுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றாள் திருமதி பூன். அவளோடு மாஜோங் ஆடிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் காய்களைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்துவிட்டார்கள்.

ஹாங்காங் சுகாதார அதிகாரி மோக் கெஞ்சினார். "பூன் அக்கா, உங்கமேல யாரும் பழி போடல. எங்க ஆபீஸும் இருக்கற இந்தத் தெரு சாக்கடைத் தண்ணியில ஒரு கொரோனா வைரஸ் கிடைச்சிருக்கு. உலகத்துல வேற எங்கயும் இல்லாத வகை. யார் உடம்புலேருந்து வருதுன்னு தேடறோம்."

"அதுக்கு என் பாத்ரூம்தான் கிடைச்சுதா? நாளைக்கு லிப்ட்ல நான் ஏறினா எல்லாரும் இறங்கிப் படியில போவாங்க!"

"சந்தேகம் இருந்தா நானே இதை உபயோகிப்பேனா? இப்ப பாருங்க."

மோக் உள்ளே போய், வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டு சிரித்தபடி வந்தார். திருமதி பூன் மனம் இளகித் தேநீர் கொடுத்தாள். அவர் மணியைப் பார்த்து, அதோடு இரண்டு மாத்திரைகளை விழுங்கினார். "தங்கச்சி குடுத்த கிட்னி. உடம்பு அதை எதிர்க்காம இந்த மாத்திரைதான் அடக்கி வெக்குது. நேரம் தப்பினா கிட்னி கோவிச்சுக்கும்."

"கூடப் பொறந்தவ குடுத்ததுன்னா, கோவமும் கூடவே வரத்தானே செய்யும்!" என்றாள் அவள்.

அந்த வித்தை பலித்ததால், போன வீட்டிலெல்லாம் மோக் அதையே செய்தார். ஜனங்களும் மறுக்காமல் மூக்கை நீட்டிப் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் கழிவுநீரில் மட்டும் வைரஸ் இருந்தது.

மோக்கின் அலுவலக ஆய்வகத்தில் வைரஸை ஆராய்ந்த செட்டோ வை-லிங்குக்குக் கவலை கூடிக்கொண்டே போனது.

"மூக்குல தேடிப் பிரயோஜனமில்ல, சார். இது ஒரே ஆளோட குடல்ல ஒரு வருஷத்துக்கு மேல குடியிருக்கு. உடம்புல எதிர்ப்புச் சக்தி முழுசா இருந்தா செத்திருக்கும். சுத்தமா இல்லேன்னா, இது மாற வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அரைகுறையா அடி வாங்கின திருடன் மாதிரி, அடிக்கு ஒரு வேஷம் கத்துக்கிட்டிருக்கு. நாப்பத்தோரு மாற்றம்! தடுப்பூசி போட்டவங்க உடம்புக்குக்கூட இது யாருன்னு தெரியாது. ஊருக்குள்ள பரவறதுக்குள்ள அந்த ஆளைப் பிடிக்கணும்."

மறுவாரம் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார்கள். அங்கே வைரஸ் இருந்தது. முதல் கட்டடம் சுத்தமாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது கட்டடத்தில் இருந்தது, இரண்டாவது சுத்தம்.

"வைரஸ் உருமாறும்னு படிச்சிருக்கேன். வீடு மாறுமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மோக்.

திடீரென்று அவருக்குப் பொறி தட்டியது. திருமதி பூனின் கோஷ்டி முறைவைத்து, கட்டடம் கட்டடமாகப் போய் அல்லவா மாஜோங் ஆடுகிறது! நான்கு பேரும் ஒரு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவைக் கொடுத்துவிட்டு வரும்போது, நோய் வீட்டிலிருந்து வருகிறவர் என்று லிப்டில் இருந்தவர்கள் அவரை ஏறவிடாததால் படியில் இறங்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். ஒரு வாரம் அலுவலக நாற்காலியே கதி என்றாயிற்று.

நான்கு பெண்களும் மசியவில்லை. அவரவர் வீட்டுச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காயின் பெயரைக் கத்திக் கத்தியே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மதியத் தூக்கம் கெட்ட மூன்று கட்டடக்காரர்களும் மோக்கைத் தொலைபேசியில் வறுத்தெடுத்தார்கள்.

வாரக் கடைசியில் செட்டோ முடிவுகளோடு வந்தாள். மூன்று கட்டடங்களும் சுத்தம்.

மோக் மேசையைத் தட்டினார். "பார்த்தியா! மாஜோங்கை நிறுத்தினேன், வைரஸும் நின்னுது. பத்திரிகைக்கு அறிக்கை எழுதப் போறேன்."

"கொஞ்சம் பொறுங்க சார். மெஷின்ல கோளாறோன்னு ஒப்பிட்டுப் பாக்க, நம்ம மாடி ஆம்பளைங்க பாத்ரூம் குழாய்லயும் தண்ணி எடுத்தேன். அதுல இருக்கு. இப்ப நாப்பத்திரண்டு மாற்றம்."

"நம்ம ஆபீஸ்லயா?" மோக் சுளுக்கிய காலையும் மறந்து எழுந்தார். "எவன் அவன்? உடனே பேரைச் சொல்லு!"

செட்டோ தன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள்.

"இந்த மாடியில ஆம்பளை நீங்க ஒருத்தர்தான், சார்."