மூன்றாவது நாற்காலி

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் இரண்டு இரும்பு நாற்காலிகள் எப்போதும் காலியாகவே கிடக்கும். ஒன்று, கோப்பைகளாக வாங்கிக் குவித்த பெரிய மாஸ்டருடையது. இன்னொன்று, பின்னால் வந்து அவரையே மிஞ்சிய சின்ன மாஸ்டருடையது. இருவரும் செத்துப்போய்விட்டார்கள். சாய்மானத்தில் அவரவர் துண்டு தொங்கும். அடுத்த கோச் நான். ஆட்டம் முழுக்க நின்றேன். நிற்பது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. என் அப்பா ஊரில் யார் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. உட்காரத்தான் நான் படித்தேன்.

"எனக்கும் ஒரு சேர் போடுங்க" என்றேன்.

"மொதல்ல கப் வரட்டும் கோச்சம்மா. நாங்க பொறுமையாத்தான் இருக்கோம்" என்றார் ரசிகர்களின் தலைவர் தனுஷ்கோடி. தோற்ற நாளெல்லாம் கேட்டை மறித்து நின்றுகொண்டு இதையேதான் சொன்னார்.

கோப்பை வந்தது. தனுஷ்கோடியே மூன்றாவது நாற்காலியைத் தூக்கிவந்து, அந்த இரண்டுக்கும் பக்கத்தில் போட்டு மாலை சாத்தினார். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் சாய்மானத்தில் விரித்தார். உட்காரப் போனேன். குறுக்கே வந்து நின்றார்.

"ஐயோ, அதுல உக்காரக் கூடாது கோச்சம்மா."

"யோவ், நான் இன்னும் சாகல."

"அதனால என்ன?" கேலரியைப் பார்த்துச் சிரித்தார். "நாங்கதான் பொறுமையா இருக்கோமே."