அறுபத்தொன்றாவது பிஸ்கட்

"சண்டை வரணும்யா! ஒவ்வொரு வீட்லயும் பிஸ்கட்டுக்காகப் பிள்ளைங்க முடியைப் பிடிச்சு இழுத்துக்கணும். அப்பதான் இன்னொரு டின் வாங்குவாங்க," என்றார் பிஸ்கட் கம்பெனி முதலாளி. எவ்வளவு உயர்ந்த லட்சியம்!

இதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டிருந்தவர் எழுந்து நின்றார். கணிதத்தில் இரண்டு பட்டம் வாங்கியவர். கம்பெனியில் அவருக்குப் பெயர் கணக்குப் புலி. அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான்.

"டின்னுக்கு அறுபத்தொரு பிஸ்கட் சார். அறுபத்தொண்ணு பகா எண். எதால வகுத்தாலும் மிச்சம் விழும். எத்தனை பிள்ளைங்க இருந்தாலும் சமமாப் பிரிக்கவே முடியாது. மூணு வாரமா மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சது."

மூன்று வாரத்தில் அவர் கண்டுபிடித்தது, ஐம்பத்துமூன்று, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, அறுபத்தேழு என்று நான்கு பகா எண்களை. எதை வைப்பது என்று தெரியாமல் அன்று காலை ஷூ லேஸைக் கட்டியபடி புலம்பியபோது, அடுப்படியிலிருந்து மனைவி, "அறுபத்தொண்ணே வைங்க," என்றாள். "பகா எண்ணைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று சிரித்துவிட்டு, அதையே வைத்துக்கொண்டார். இதையெல்லாம் மீட்டிங்கில் சொல்ல முடியுமா என்ன?

இரண்டு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"டின் பறக்குதுய்யா. ஆனா முந்நூறு வீட்ல ஆள் விட்டு விசாரிச்சாச்சு. ஒரு வீட்லகூட சண்டை இல்லை! அப்புறம் எதுக்குய்யா வாங்கறாங்க?"

புலி பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தது.

"நாளைக்குக் காலைல காரணத்தோட வா. தெரியலைன்னா இது உன் மூளை இல்லை, குருட்டு அதிர்ஷ்டம். அதுக்கு நான் எதுக்கு ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக்கணும்?"

புலி ஒரு டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்று பிள்ளைகளும் பாய்ந்து வந்தார்கள். சரி, சண்டையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டின்னைத் திறந்தாள். மளமளவென்று எண்ணி, ஆளுக்கு இருபதாக மூன்று டப்பாவில் போட்டாள். மிஞ்சிய ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சிணுங்கல்கூட இல்லை.

"நம்ம வீட்ல மூணு பேரு, தப்பிச்சுது. மத்த வீட்ல?" என்றார் புலி, விட்டுக்கொடுக்காமல்.

"ரெண்டு பிள்ளைன்னா ஆளுக்கு முப்பது. நாலுன்னா பதினஞ்சு. அஞ்சுன்னா பன்னெண்டு. ஆறுன்னா பத்து. எல்லா வீட்லயும் மிஞ்சறது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் அவள், மென்றுகொண்டே.

இரண்டு பட்டமும் அவரைக் கைவிட்டன. "அப்ப... அன்னிக்கு நீ வாய்க்கு வந்ததைச் சொல்லலையா?"

"ஏங்க, சண்டை போடறவங்களா கடைக்குப் போய் டின் வாங்கறாங்க? பங்கு போடறவதானே வாங்கறா! கடைசியில அவளுக்கும் ஒண்ணு மிஞ்சட்டுமேன்னுதான் அறுபத்தொண்ணு சொன்னேன்."