ஐந்து நிமிடக் கவசம்

“ஐஞ்சு நிமிசத்தில ஒரு கவசம் எண்டு வீடியோவில சொன்னீங்க சேர். எனக்குச் சரிவரல்ல.”

வாசலில் நின்றபடியே இப்படிச் சொன்ன பெண்ணை இரத்தினசிங்கம் ஏற இறங்கப் பார்த்தார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. பெயர் சப்ரினா என்றும், கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்ததாகவும் சொன்னாள். குறை சொல்வதென்றால் வீடியோவுக்குக் கீழே நாலு வரி எழுதியிருக்கலாம். வீடு தேடி வருவது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனாலும் அந்தச் ‘சேர்’ அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

உட்துறைமுக வீதியில் இரத்தினசிங்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. இணையத்திலோ நாலாயிரம் பேருக்கு அவர் குரு. மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கான பெருவிரல் உயரப் பொம்மை வீரர்களுக்கு வர்ணம் பூசிக் காட்டுபவர். அதிலும் எலும்பு நிறக் கவசம் அவருடைய தனிச் சொத்து. மூலையில் கடிகாரம் ஓட, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வீரன் ஐந்தே நிமிடத்தில் எலும்பு நிறக் கவசத்தோடு நிமிர்ந்து நிற்கும் அந்த வீடியோதான் அவரை ஆளாக்கியது.

அதே வித்தையை நாளைக் காலை நடக்கும் போர் விளையாட்டு ஒன்றுகூடலில் மேடையேறிச் செய்து காட்ட வேண்டும். கொழும்பு, கண்டி என்று எங்கெங்கோ இருந்து விளையாட்டுக்காரர்கள் வருகிறார்கள். இந்த நேரம் பார்த்து மூன்று நாளாக மணிக்கட்டில் வலி. போகாவிட்டால் சேர்த்த பேரெல்லாம் ஒரே நாளில் போய்விடும். துணி சுற்றிக் கட்டியிருந்தார். எண்ணெய் பூசிவிடட்டா என்று மனைவி இராசமலர் சிரிக்காமல் கேட்டபோது எரிந்து விழுந்தார்.

சப்ரினாவும் அந்தத் துணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

“கையில என்ன சேர்?”

“கலைஞனுக்கு வாறதுதான், தங்கச்சி. அதை விடுங்கோ.”

என்ன பிழை நடந்தது என்று கேட்டார். கேட்டாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தூரிகை மலிவானதாக இருக்கும் என்றார். கிண்ணியாத் தண்ணீரில் உப்பு இருக்கும், வர்ணம் திரிந்துவிடும் என்றார். பெண்களுக்குப் பொட்டு வைக்க வரும், பூ வரைய வரும், கவசத்துக்கு வேறு கை வேண்டும் என்றார். ஐந்து நிமிடம் என்பது படித்து வருவதில்லையாம், பிறக்கும்போதே வர வேண்டுமாம்.

சப்ரினா எல்லாவற்றுக்கும் “ஓம் சேர்” போட்டாள். பிளேன்டீ கொண்டுவந்த இராசமலருக்குத்தான் பொறுக்கவில்லை.

“அந்தப் பிள்ளையையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோவன்.”

சப்ரினா தயங்கித் தயங்கிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே முப்பது வீரர்கள். சிரிப்பதற்கு ஆயத்தமாக இரத்தினசிங்கம் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடுக்குகளில் மண்ணிறம் ஒட்டிக் கிடந்தது. மேடுகளில் எலும்பு நிறம் பளிச்சென்று எழுந்து நின்றது. இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. முப்பதும் ஒரே மாதிரி இருந்தன.

“இதுக்கு எத்தினை நாள் எடுத்தது?”

“நாளா? நேத்துக் காலையில தொடங்கி லுஹர் பகல் தொழுகைக்குள்ள முடிச்சன் சேர். எலும்பு நிறம் காய எவ்வளவு நேரம் எண்டு நீங்க வீடியோவில சொல்லல்ல. ஐஞ்சு நிமிசத்துக்குள்ள காயணுமே எண்டு, தட்டோட தூக்கிக் குசினித் தகரக் கூரையில வெயிலுக்கு வெச்சன். கடைசி ஆளுக்குப் பூசி முடியக்குள்ள முதல் ஆள் காஞ்சிருவாரு. பிறகு மண்ணிறத்தைத் தண்ணியாக் கரைச்சு ஊத்தி, மேட்டில நிக்கிறதைப் பழைய சாரத்துண்டால ஒத்தியெடுத்தன்.”

அவள் குரல் இறங்கியது.

“எப்பிடிச் செஞ்சு பாத்தும் ஒரு ஆளுக்கு ஏழு நிமிசம் போகுது சேர். ரெண்டு நிமிசத்தை எங்க விடுறன் எண்டு விளங்கல்ல.”

இரத்தினசிங்கம் பொம்மையைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

“பரவாயில்லை. பழகப் பழக வரும். ஒண்டு செய்வம். நாளைக்கு மேடையில என்ர இடத்தில இருந்து நீங்க பூசுங்கோ. நான் பக்கத்தில நிண்டு பிழையைக் காட்டித் தாறன்.”

இப்படியும் ஒரு பெரிய மனமா என்று சப்ரினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளை நேரத்துக்கு வந்துவிடுவதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு போனாள்.

படலை சாத்தும் சத்தம் கேட்கும்வரை இராசமலர் பொறுத்திருந்தாள். பிறகு கோப்பைகளை எடுத்தபடி புருஷனிடம் கேட்டாள்:

“வீடியோவில நிக்கிற அந்த ஒரே ஒரு பொம்மைக்கு ஒன்பது நாள் எடுத்த ஆள், அந்தப் பிள்ளைக்கு எந்த ரெண்டு நிமிசத்தைக் காட்டிக் குடுக்கப் போறீங்கள்?”