மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு ஒரு தடை

“அனோஜ், உங்கட மெரிலேண்ட்ஸ் வீட்டை இப்ப விக்கேலாது” என்றார் லோயர் ஜெகதீஷ், தொலைபேசியில்.

குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அனோஜ் கேத்திலை அப்படியே கீழே வைத்தான். இப்போது குடியிருக்கும் மெல்பேணில், கிரெய்கிபர்ன் பக்கம், புதுவீடு ஒன்றுக்குக் கையெழுத்து வைத்தாயிற்று. சிட்னியில், மெரிலேண்ட்ஸில் வாடகைக்கு விட்டிருக்கும் பழைய வீட்டை விற்றால்தான் அதற்குக் காசு. இரண்டு வீட்டுக்கடனைச் சேர்த்துச் சுமக்க அவனால் முடியாது. விற்பனை தடைப்பட்டால் புதுவீடும் அம்போ, அதற்குக் கட்டிய முன்பணமும் அம்போ.

“ஏன், என்ன பிரச்சினை?”

“காணிப் பதிவில உங்கட வீட்டு உறுதிப் பத்திரத்துக்கு மேல ஒரு கேவியட் விழுந்திருக்கு. இந்த வீட்டில எனக்கும் உரிமை இருக்கு, என்னைக் கேக்காமல் பேர் மாத்தக்கூடாது எண்டு ஒரு தடை. அதை எடுக்காமல் வாங்கிற ஆளின்ர பேரில பதிய மாட்டினம்.”

“ஆர் போட்டது?”

“பற்றிமா எண்டு இருக்கு. தெரிஞ்ச ஆளோ?”



“என்ர அம்மா” என்றான் அனோஜ்.

ஜெகதீஷ் தொண்டையைச் செருமினார். “போன வருசம் போட்டிருக்கிறா. உங்களுக்குக் கடிதம் வந்திருக்குமே?”

“மெரிலேண்ட்ஸ் விலாசத்துக்கு வந்திருக்கும். வாடகைக்கு இருக்கிற ஆக்கள் குப்பையில போட்டிருப்பினம்.”

“சரி, நடந்தது நடந்து போச்சு. அவாவே கையெழுத்து வைச்சு விலக்கினால் அலுவல் சுகமா முடியும். கோர்ட்டுக்குப் போனால் இழுபடும். நீங்களே நேரில கதைச்சுப் பாருங்கோ. பேப்பரை அனுப்பி விடுறன்.”

பக்கத்தில் நின்ற மனைவி கிறிஸ்ரினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “ஆரோ மாமிக்கு ஏத்தி விட்டிருக்கினம்” என்றாள். “அவா தந்த காசைக் குடுத்திட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாங்கோ. வாக்குவாதப்படாதேங்கோ.”

அந்த வீட்டை வாங்கியபோது முன்பணத்தில் பாதி அம்மாவுடைய காசுதான். மருத்துவமனைச் சமையலறையில் வருடக்கணக்காக வேலை பார்த்துச் சேர்த்தது. வீட்டை உன் பேரிலேயே பதி என்று சொன்னதும் அவர்தான். கொடுத்த நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தாய்க்கும் மகனுக்கும் சண்டை சச்சரவு என்றும் எதுவுமில்லை. அதனால்தான் அவனுக்கு இது இன்னும் வலித்தது. கேட்டால் கொடுத்திருக்க மாட்டேனா என்று மனதுக்குள் பொருமினான்.

சனிக்கிழமை காலை விமானத்தில் சிட்னிக்குப் பறந்தான். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். அம்மா அழுதால் ஒரு பதில், சட்டம் பேசினால் ஒரு பதில், வீட்டில் பங்கு கேட்டால் அதற்கும் ஒரு பதில் தயார்.

வெஸ்ட்மீட்டில், தான் தனியே இருக்கும் அடுக்குமாடி யூனிற்றின் கதவை அம்மா திறந்தார். முகத்தில் கோபத்தைக் காணோம்.

“வா தம்பி. கிறிஸ்ரினா, பிள்ளையள் எல்லாரும் சுகமோ?”

“ஓம், சுகமா இருக்கினம்.”

“புட்டு அவிச்சு, மீன்குழம்பும் வைச்சிருக்கிறன். கதிரையை இழுத்துப் போட்டு இரு.”

“சாப்பிட நேரமில்லையம்மா. பின்னேரம் பிளேன்.”

லோயர் அனுப்பிய தாளை மேசையில் வைத்தான். கைபேசியை எடுத்து வங்கிப் பக்கத்தைத் திறந்தான்.

“உங்கட கணக்கு நம்பரைச் சொல்லுங்கோ. வீடு வாங்கேக்கை தந்த காசை வட்டியோட இப்பவே அனுப்பிறன். இதில மட்டும் ஒரு கையெழுத்து வையுங்கோ.”

அம்மா எண்ணைச் சொல்லவில்லை. தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார்.

“ஆரம்மா உங்களுக்கு இந்தப் புத்தி சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் ஒரு லோயரைத் தேடிப் போனனான்.”

சொன்னது யாரென்று தெரிந்தால் அந்த ஆள்மேல் கோபத்தைக் கொட்டலாம் என்றிருந்தான். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

“அப்ப வட்டி காணாதோ? வீட்டில பாதி வேணுமோ?”

“காசும் வேண்டாம், பாதியும் வேண்டாம். பேனையைத் தா.”

அவன் நம்பாமல் பேனையை நீட்டினான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்து வைத்தார். விமானத்தில் பார்த்த ஒத்திகை அத்தனையும் வீண். புதுவீடு பிழைத்துக்கொண்டது என்று அனோஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறுநிமிடமே எரிச்சலும் வந்தது.

“இவ்வளவு சுகமா விலக்கிறதெண்டால், பிறகு ஏனம்மா போட்டனீங்கள்? நாங்கள் ஒரு கிழமையா நித்திரை இல்லாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியுமோ?”

அம்மா தாளையும் பேனையையும் அவன் பக்கம் தள்ளி வைத்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“போன வருசம் நீ மெரிலேண்ட்ஸ் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்து, ரண்டு நாள் நிண்டிட்டுப் போனதைக் கோயில்ல ஆரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வீட்டையும் வித்துப்போட்டால் உனக்குச் சிட்னியில ஒரு அலுவலும் இராது; இப்பிடி ஒண்டைப் போட்டு வைச்சால், கடைசியா ஒருக்காவெண்டாலும் நீ என்னட்டை வந்துதானே போகவேணும்.”