கோமாளியின் கழுத்து

“யாரைக் கேட்டு கோமாளி கழுத்துல கை வெச்ச?”

மாமனார் போட்ட சத்தத்தில், சோபாவில் இருந்த விருந்தாளி தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மருமகள் சுவரோரம் நின்றாள்.

கோமாளி என்பது ஒரு சாண் உயரமுள்ள கண்ணாடி சென்ட் பாட்டில். உடம்புதான் பாட்டில்; தலை, மூடி. பிரான்ஸில் மூன்றே வருஷம் நடந்து, நான்காம் வருஷம் இழுத்து மூடப்பட்ட ஒரு கம்பெனி செய்தது. கம்பெனி போன பிறகும் கோமாளி சிரிப்பை நிறுத்தவில்லை.

மாமனாரின் அலமாரியில் இப்படி நாற்பது உருவங்கள். ஆந்தை, பாதிரியார், குடை பிடித்த சீமாட்டி. எல்லாம் காலி. கோமாளி மட்டும்தான் கழுத்தில் சுற்றிய பட்டு நூல் பிரியாமல், உள்ளே முக்கால் பாட்டில் பழுப்புத் திரவத்தோடு இருந்தது. நூல் பிரியாத பாட்டில், அதாவது ஒருமுறைகூடத் திறக்காதது என்றால் சேகரிப்பவர்கள் உயிரை விடுவார்கள். விருந்தாளியும் அதை வாங்கத்தான் எட்டு மணி நேரம் ரயிலில் வந்திருந்தார்.

அந்த நூல் இப்போது மேஜையில் தனியாகக் கிடந்தது.

“வாயைத் திற! ஏன் தொட்ட?”

“எறும்பு மாமா. கழுத்தைச் சுத்தி மொய்ச்சுது. துடைச்சேன், நூல் கையோட வந்துடுச்சு. மூடி சரிஞ்சு சென்ட் கொஞ்சம்...”

“சென்ட்டுன்னு சொல்லாதே! பர்ஃபாம்!”

கோபத்திலும் பிரெஞ்சு உச்சரிப்பு தப்பவில்லை.

“கேளுங்க சார் கதையை. பர்ஃபாமுக்கு எறும்பு வருதாம்! எண்பது வருஷமா வராத எறும்பு, இவ கல்யாணமாகி வந்த மூணாம் மாசம் வரிசையா வந்துடுச்சாம். பூசிக்கணும்னு ஆசை. ஒத்துக்கத்தான் மனசு வரல.”

“அப்பா, விடுங்களேன்...” என்றான் மகன், தரையைப் பார்த்து.

“நீ என்ன, பொண்டாட்டிக்கு வக்கீலா? உட்காரு.”

விருந்தாளி கோமாளியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மாமனார் பாய்ந்து அதை வாங்கி, தலையை அழுத்தி மூடினார்.

“காத்து பட்டா மிச்சமும் போயிடும் சார்.”

விருந்தாளி மருமகள் பக்கம் திரும்பினார். குரல் கெஞ்சியது.

“அம்மா, இதோட வாசனை எப்படி இருக்கும்னு இன்னிக்கு உயிரோட இருக்கற யாருக்கும் தெரியாது. உங்களைத் தவிர. சிந்தினப்போ என்ன வாசனை வந்துது? பூவா? மரமா? அதையாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.”

மாமனாரின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

“எனக்குச் சளி சார். மூக்கடைப்பு. ஒண்ணும் தெரியல.”

“துடைச்ச துணி?”

“அலசிப் போட்டுட்டேன்.”

துணி அவள் முதுகுக்குப் பின்னால், கைக்குள் சுருண்டு கிடந்தது.

“போச்சா!” என்றார் மாமனார். “அந்த மூக்கு முகத்துல சும்மா அழகுக்கு!”

விருந்தாளி பெருமூச்சோடு எழுந்தார். “மன்னிச்சுக்குங்க. நூல் பிரிஞ்சது எனக்கு வேண்டாம்.”

மகன் அவரை வழியனுப்பப் படியிறங்கினான். கதவு மூடிக்கொண்டதும் மாமனார் விரலை நீட்டினார்.

“அவன் வரட்டும். நாளைக்கே உன்னைக் கொண்டுபோய் உங்கப்பா வீட்டுல விடச் சொல்றேன். கை தவறினதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா எறும்பு, சளின்னு வாய் கூசாம பேசறியே, அதைப் பொறுக்க முடியாது. பொய் சொல்றவங்களோட ஒரே கூரைக்குக் கீழ இருக்க என்னால ஆகாது!”

மருமகள் சமையலறைக்குப் போனாள். அவருடைய வழக்கமான நாலு மணி டீயோடு திரும்பி வந்தாள். கோப்பையை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் அந்தத் துணியை, கறை மேலே தெரியும்படி விரித்தாள். கறைக்கும் டீக்கும் ஒரே பழுப்பு.

படியில் மகனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாளையிலேர்ந்து உங்க டீயில சர்க்கரை போடமாட்டேன் மாமா. அலமாரியில எறும்பு வருது.”