இன்னொருக்கால்

ஜெர்மனியின் அந்த முதியோர் இல்லத்தில் எந்தத் தட்டை நீட்டினாலும் நல்லதம்பி "நைன்", வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்டவுடன் கைநீட்டுவது அவருடைய ஊரில் மரியாதையில்லை. வந்தவர்கள் முதலில் வேண்டாம் என்பார்கள், வீட்டுக்காரர்கள் "சும்மா இருங்கோ, கொஞ்சம் போடுறன்" என்று வற்புறுத்துவார்கள், பிறகுதான் சாப்பாடு. இங்கே தாதி புன்னகையுடன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கல்யாண மோதிரம் இப்போது அவர் விரலில் நிற்பதில்லை.

"இவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை" என்று இல்லத்தில் சொன்னதும் மகள் தர்சிகா வந்தாள். "அப்பா, விருப்பமெண்டா 'யா, கேர்ன' எண்டு சொல்லுங்கோ. விருப்பமில்லாட்டித்தான் நைன்."

"முதல் தரமே எப்பிடிப் பிள்ளை ஓமெண்டு சொல்லுறது?"

"அப்பிடித்தான் சொல்லோணும்."

அவர் அதை நாலைந்து தரம் சொல்லிப் பழகினார். அவள் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தாள். புட்டும் மீன்குழம்பும். அறை முழுக்க வாசம்.

"சாப்பிடுறீங்களாப்பா?"

"வேண்டாம் பிள்ளை, நீ கொண்டு போ" என்றுவிட்டு, அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். "சரியப்பா" என்று மூடியை அழுத்தி மூடினாள்.

அவள் போனபின், சாத்திய கதவைப் பார்த்து அவர் பிழையில்லாமல் சொன்னார்:

"யா, கேர்ன."